ஒரு கிலோ காற்று

பார்சல் வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகுதான் அக்கா ரசீதுகளைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பட்டறையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். கூடப் பிறந்த தம்பிக்கும் அக்கா, அவளைவிடப் பத்து வயது மூத்த ஒட்டுக்காரம்மாவுக்கும் அக்கா. தையற்காரர்கள் போட்டுக்கொள்வதுபோல அவள் கழுத்தில் எப்போதும் ஒரு அளவு நாடா தொங்கும். தையலுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒரு வருடமாக அவள் அளப்பதெல்லாம் அட்டைப்பெட்டிகளை.

இரண்டு ரசீதுகள். கிழக்கே ஒரு பள்ளிக்கூடம், மேற்கே ஒரு பள்ளிக்கூடம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெட்டிகள், சேர்த்துக் கட்டிய ஒரே கட்டு. அவள் கண் பழக்கத்தில் நேராக, அவள் அளந்த அளவை வைத்து வண்டிக்காரன் கணக்குப் போட்டு எழுதும் கடைசிக் கட்டத்துக்குப் போனது. ஒன்றில் இருபத்திரண்டு கிலோ, மற்றதில் இருபத்துமூன்று. காலையில் அவள் போட்ட கணக்கில் நாற்பத்தாறு வந்திருந்தது. இப்போது நாற்பத்தைந்து. ஒரு கிலோ மிச்சம். சுற்றிப் பார்த்தாள். சொல்லிப் பெருமைப்பட யாரும் இல்லை. ஒட்டுக்காரம்மா பசை வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். தம்பி மனைவி தரையில் சிதறிக்கிடந்த காகிதத் துணுக்குகளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நீலநீலமாக, எல்லாம் ஏதோ ஒரு கடலின் ஓரம்.

அவர்கள் செய்வது உலக உருண்டை. பள்ளிக்கூட மேசைமேல் சாய்ந்து நின்று, தட்டிவிட்டால் சுற்றுமே, அது. அழுத்திய காகிதக்கூழ் ஓடு, மேலே ஒட்டிய படம், அதற்கு மேல் ஒரு பூச்சு. தூக்கினால் அறுநூறு கிராம் இருக்கும். எடைக்குக் காசு வாங்கிய காலத்தில் அது பூப்போல ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு பார்சல் ஆபீஸ்காரர்கள் விதியை மாற்றினார்கள். பெட்டி என்ன கனம் என்பதை விட்டுவிட்டு, வண்டியில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி, ஒரு எண்ணால் வகுத்து, அதற்கு வால்யூம் வெயிட் என்று பெயர் வைத்தார்கள். அரைக்கிலோ சொச்சம் உள்ள உலகம் ஒரே நாளில் ஏழு கிலோ ஆனது. டீசல் விலை ஏறியபோது அந்த ஏழு கிலோவுக்கும் ஏறியது. இறங்கியபோது அப்படியே நின்றது.

"நாம உருண்டை விக்கலக்கா. காத்து விக்கிறோம். அதுவும் நாமளே காசு குடுத்து ஏத்தி அனுப்புறோம்" என்றான் தம்பி ஒருநாள்.

அன்றைக்குத்தான் அவள் நாடாவைக் கழுத்தில் போட்டாள். முதலில் பெட்டிகளைச் சிறிதாக்கினாள். உருண்டைக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே ஒரு விரல் இடம்தான். ஆனாலும் பில் ஏறியே வந்தது. பார்சல் ஆபீஸ் மெஷினில் ஒவ்வொரு பெட்டியும் அவள் அளந்ததைவிட ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தது. போன் செய்து சண்டை போட்டாள். அந்தப் பக்கம் எப்போதும் ஒரே குரல், ஏற்ற இறக்கம் இல்லாத ஓர் ஆணின் குரல். பட்டறையில் அவருக்கு அளவுக்காரர் என்று பெயர்.

"உங்க டேப் என்ன ரப்பரா சார்?"

"எங்களுது டேப் இல்லீங்க, லைட். பெட்டி எங்க உப்பியிருக்கோ அங்கதான் அளக்கும். உள்ள கம்மியா திணிங்க."

"பன்னெண்டு மில்லிமீட்டருக்கு ஒரு கிலோ ஏத்துறது நியாயமா?"

"நியாயம் எனக்குத் தெரியாதுங்க. மில்லிமீட்டர் தெரியும்."

போனைப் படாரென்று வைப்பாள். ஆனால் மறுநாள் பெட்டிக்குள் திணிக்கும் காகிதத்தைக் குறைத்தாள். உப்பல் நின்றது. அவர் சொன்னது சரி என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் மொத்த வியாபாரி வந்தார். பள்ளிகளுக்குச் சாமான் வாங்கிக் கொடுப்பவர். இவர்களுடைய உருண்டைகளில் முக்கால்வாசி அவர் வழியாகத்தான் போகும். சட்டைப் பையிலிருந்து ஒரு தபால் உறையை எடுத்தார். உறைக்குள் மடித்த பிளாஸ்டிக். அங்கேயே நின்று ஊத ஆரம்பித்தார். முகம் சிவந்து, நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்கி, ஒருவழியாக ஊதி முடித்து மேசைமேல் வைத்தார். பந்துபோல ஓர் உலகம். துருவம் இரண்டும் பல்லில்லாத வாய்போலச் சுருங்கியிருந்தன.

"எனக்கு உங்க உருண்டைதாம்மா பிடிக்கும்" என்றார். "ஆனா உருண்டை விலையைவிட வண்டிக் கூலி ஜாஸ்தியா இருந்தா நான் என்ன பண்றது? இது தபால்ல போகுது. காத்தை வாத்தியாரே ஊதிக்குவாரு."

கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தார். இரண்டு பள்ளி, தலா முப்பது உருண்டை, பள்ளி திறக்கும் திங்கட்கிழமை காலை மேசைமேல் நிற்க வேண்டும். வண்டிக் கூலி பாதியாகக் குறைய வேண்டும். குறைந்தால் இந்த வருடத்து இரண்டாயிரம் உருண்டையும் இவர்களுக்கு. இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பந்து. கிழக்குப் பள்ளிக்கு அவரே போய்ப் பெட்டியைத் திறந்து பார்ப்பார்.

அந்த ஆர்டர் போனால் பட்டறை போகும் என்பதை யாரும் வாயால் சொல்லவில்லை. தம்பி மனைவியின் அண்ணன் தன் சிமெண்ட் கடைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தான். தம்பி இரண்டு தடவை அந்தக் கடைப் பக்கம் போய்வந்தது அக்காவுக்குத் தெரியும். தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

உறையிலிருந்து வந்த அந்தப் பந்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோதுதான் யோசனை வந்தது. உருண்டையை ஒட்டாமல், வடபாதி தென்பாதி என்று இரண்டு கிண்ணங்களாகவே அனுப்பினால் என்ன? கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கலாம். முப்பது பாதிகள் ஒரே பெட்டியில் அடங்கும்.

"பாதி உருண்டைக்குப் பேரு உருண்டையா? கிண்ணம். நான் என்ன பாத்திரக்கடையா வெச்சிருக்கேன்?" என்றான் தம்பி. இரண்டு பாதிகளையும் பொருத்துகிற வேலை அவனுடையது. பொருத்தி முடித்த ஒவ்வொன்றையும் ஒற்றை விரலால் சுற்றிவிட்டு, தலையைச் சாய்த்து, அது நடுங்காமல் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பான். அதைப் போய் யாரோ ஒரு வாத்தியார் செய்வதா? இரண்டு நாள் அக்காவிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு தென்பாதியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். விளிம்பைச் சுற்றி ஆறு மெல்லிய தகர நாக்குகள். வடபாதியை மேலே வைத்து அழுத்தினால் டக்கென்று பிடித்துக்கொண்டது. ஒட்டுக்காரம்மாவின் கண்ணைக் கட்டி, கையில் கொடுத்துப் பார்த்தான். அவளுக்கும் டக்கென்று பிடித்தது. "இந்தாம்மா, உலகத்தையே மூடிட்டே" என்றான் தம்பி. அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்று வாரம் ராப்பகலாக வேலை. உருண்டை நிற்கும் தாங்கிகளை மட்டும் தட்டையாக அடுக்கி முன்பே அனுப்பியாகிவிட்டது. இன்று வெள்ளிக்கிழமை, நான்கு பெட்டிகள் போய்விட்டன. இரண்டில் வடக்கு, இரண்டில் தெற்கு.

அக்கா எழுந்து ரசீதுகளை ஆணியில் குத்தப் போனாள். அப்போதுதான் கண் முதல் கட்டத்தில் பட்டது. நிஜ எடை. அந்தக் கட்டத்தை ஒரு வருடமாக யாரும் பார்ப்பதில்லை. அந்த எண்ணுக்குக் காசு இல்லை, அதனால் கண்ணும் இல்லை. வண்டிக்காரன் தராசில் தொங்கவிட்டுப் பார்த்து ஒப்புக்கு எழுதிவிட்டுப் போவான். கிழக்கு ரசீதில் பதினாறு புள்ளி எட்டு. மேற்கு ரசீதில் பத்தொன்பது புள்ளி இரண்டு.

ஒரே சாமான். முப்பது வடக்கு, முப்பது தெற்கு. இரண்டு கட்டும் ஒரே எடைதானே இருக்க வேண்டும்?

தகர நாக்கு தெற்கில் மட்டும்தான் உண்டு. ஒரு தெற்குப் பெட்டி ஒன்பது புள்ளி ஆறு. ஒரு வடக்குப் பெட்டி எட்டு புள்ளி நாலு. பத்தொன்பது புள்ளி இரண்டு என்றால் இரண்டு தெற்கு. பதினாறு புள்ளி எட்டு என்றால் இரண்டு வடக்கு.

அவள் ஆணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காலையில் தம்பி சரியாகத்தான் கட்டினான். ஒரு வடக்கு, ஒரு தெற்கு, கிழக்குக்கு. ஒரு வடக்கு, ஒரு தெற்கு, மேற்குக்கு. அவள் பக்கத்தில் இருந்து பார்த்தாள். பிறகு வண்டி வந்தது. தம்பி உள்ளே கை கழுவப் போனான். ஓட்டுநர் ஹாரன் அடித்தபடி இருந்தார். கடைசியாக ஒரு தடவை அளந்துவிடலாம் என்று நாடாவை எடுத்தாள். நாக்குகளால் தெற்குப் பெட்டி இரண்டு சென்டிமீட்டர் உயரம் கூடுதல். குட்டைப் பெட்டியின் பக்கத்தில் நெட்டைப் பெட்டி தோள் தூக்கி நின்றது. சேர்த்துக் கட்டினால் மெஷின் உயரமான பெட்டியைத்தான் பார்க்கும். குட்டையின் தலைக்கு மேல் உள்ள இரண்டு சென்டிமீட்டர் காற்றுக்கும் காசு. அந்தக் காற்று அவள் கண்ணை உறுத்தியது. கத்தரியை எடுத்துக் கயிற்றை வெட்டினாள். நெட்டையோடு நெட்டை, குட்டையோடு குட்டை. நறுக்கென்று பொருந்தின. கட்டி, சீட்டு ஒட்டி, ஏற்றிவிட்டாள். ஒரு கிலோ மிச்சம் என்று மனம் துள்ளியது. பெட்டிக்கு உள்ளே ஒன்று இருக்கிறது என்பதே அந்த ஐந்து நிமிடம் அவளுக்கு ஞாபகம் இல்லை.

கிழக்குப் பள்ளியில் திங்கட்கிழமை காலை மொத்த வியாபாரி பெட்டியைத் திறப்பார். வடக்கு, வடக்கு, வடக்கு. அறுபது கிண்ணம்.

பார்சல் ஆபீஸுக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது தடவையும் அடித்துக்கொண்டே இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் நாலே கால்.

தம்பி இரண்டு டம்ளர் டீயோடு வந்தான். பல நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் தூக்கம் வரப்போகிற களை இருந்தது. ஒரு டம்ளரை அவள் முன்னால் வைத்தான். "அக்கா, நான்தான் சும்மா முரண்டு பிடிச்சேன். நீ சொன்னது நல்ல யோசனை. போன வாரமே சொல்லியிருக்கணும், வாய் வரல" என்றான்.

அவள் டம்ளரைத் தொடவில்லை. "பைக் சாவி எடுடா."

"எங்க?"

"பார்சல் ஆபீஸ். ரசீதுல ஒரு தப்பு."

"திருப்பியும் மில்லிமீட்டரா?" சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டு டீயை அப்படியே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினான். "அக்கா, டீயாவது குடிச்சிட்டுப் போங்க" என்று உள்ளேயிருந்து தம்பி மனைவி சொன்னபோது பைக் உறுமிவிட்டது.

அரை மணிப் பயணம். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு சிக்னலிலும் நினைத்தாள். பச்சை விழுந்துவிடும். முதுகைப் பார்த்துக்கொண்டு சொல்வது சுலபம் என்று தோன்றியது. ஆனால் அந்த முதுகில் சட்டை வியர்த்து ஒட்டியிருந்தது, மூன்று வாரமாக அது குனிந்தே இருந்த முதுகு. பார்சல் ஆபீஸ் வாசலில் பெரிய லாரி நிற்குமிடம் காலியாக இருந்தது. தரையில் எண்ணெய்க் கறை மட்டும் ஈரமாகப் பளபளத்தது.

உள்ளே நீளமான கொட்டகை. உருளைகள் பதித்த மேடைமேல் பெட்டிகள் ஊர்ந்து ஒரு வளைவுக்குள் நுழைந்து வெளியே வந்தன. வளைவுக்குள் சிவப்பாக ஒரு கோடு ஒவ்வொரு பெட்டியையும் தடவிப் பார்த்தது. அதன் பக்கத்தில், கயிறு கட்டிய கண்ணாடியை மார்பில் தொங்கவிட்டு, ஒரு சின்ன மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். குரலை வைத்து அவள் ஆறடி ஆளைக் கற்பனை செய்து வைத்திருந்தாள். அவள் ரசீதை நீட்டி இரண்டு வார்த்தை பேசியதும் அவர் நிமிர்ந்து, கழுத்தில் தொங்கிய நாடாவைப் பார்த்தார்.

"நீங்கதான் மில்லிமீட்டர் அம்மாவா?"

மூட்டை தூக்கும் ஆட்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு இங்கேயும் ஒரு பெயர் இருந்திருக்கிறது.

"கிழக்கு வண்டி?" என்று கேட்டாள்.

"நாலே முக்காலுக்குப் போயிருச்சு. இப்பதான், பத்து நிமிஷம்கூட ஆகல. மேற்கு வண்டி நாளைக்குக் காலையில. உங்க கட்டு அதோ அலமாரியில இருக்கு. ஏன், அளவு சரியாத்தானே போட்டிருக்கேன்?"

தம்பி அந்த அலமாரிப் பக்கம் ஏற்கெனவே போய்விட்டிருந்தான். கட்டைத் தொட்டான். முடிச்சை விரலால் புரட்டிப் பார்த்தான். பிறகு அங்கேயே, இவர்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றான்.

"அளவு சரிதாங்க" என்றாள் அக்கா. "தப்பு என்னுது." அளவுக்காரரிடம் சொல்வதுபோல, ஆனால் அலமாரிவரை கேட்கும்படி, எல்லாவற்றையும் சொன்னாள். நாக்கைச் சொன்னாள். இரண்டு சென்டிமீட்டரைச் சொன்னாள். கயிற்றை வெட்டியதைச் சொன்னாள். ஒரு கிலோவைக் கடைசியாகச் சொன்னாள்.

மூட்டை தூக்கும் ஆள் ஒருவன் சிரித்தான். "அப்ப ஒரு ஊர்ல எல்லாரும் தலைகீழா நிக்கணுமா?"

"வேலையைப் பாருய்யா" என்றார் அளவுக்காரர். அவர் சிரிக்கவில்லை. ரசீதின் முதல் கட்டத்தையும் கடைசிக் கட்டத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "இதையெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்க. நானே படிக்க மாட்டேன்" என்றார். கண்ணாடியைக் கழற்றி, போனை எடுத்தார்.

கிழக்கு வண்டி ஓட்டுநர் பாலத்துக்கு முன்னால் இருக்கும் பெட்ரோல் பங்க்கில் டீசல் போட நிற்பார். இங்கிருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டர். ஐந்தே முக்காலுக்குப் போய்ச் சேருவார், ஆறே காலுக்கு எடுத்துவிடுவார். போனில் ஓட்டுநர் கத்துவது வெளியே கேட்டது. "அவரு உங்களுக்காக நிக்க மாட்டாரு" என்றார் அளவுக்காரர் போனை மூடிவிட்டு. "பொழுது சாஞ்சா லாரியைப் பாலத்துல விடமாட்டாங்க. அடைச்சிட்டா அவருக்கு ராத்திரி பூரா போயிரும். ஆறே கால்னா ஆறே கால். ஆனா அதுக்குள்ள வந்தா கதவைத் திறந்து விடுறேன்னாரு."

ஒரு தெற்குப் பெட்டியை அங்கே கொண்டுபோய், ஒரு வடக்குப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டால் போதும். இரண்டு ஊரும் சரியாகிவிடும். தம்பி அதற்குள் கட்டை அவிழ்த்து ஒரு பெட்டியைத் தோளில் ஏற்றியிருந்தான்.

"அது வெளிய போகாதுங்க" என்றார் அளவுக்காரர்.

தம்பி நின்றான். "என்னங்க?"

"சீட்டு ஒட்டின பெட்டி கேட்டைத் தாண்டணும்னா மேனேஜர் கையெழுத்து வேணும். அவரு போயாச்சு. நாளைக்குக் காலையிலதான் வருவாரு."

"சார், திங்கட்கிழமை..." என்று ஆரம்பித்தாள் அக்கா. ஒரு வருடமாக இந்த மனிதரோடு போட்ட சண்டையெல்லாம் ஞாபகம் வந்தது. ரப்பர் டேப் என்று சொன்னது, அநியாயம் என்று சொன்னது, போனைப் படாரென்று வைத்தது. எது நினைவிருக்கிறதோ அவருக்கு.

அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வார்த்தையாக அளந்து வைப்பதுபோலப் பேசினார். "பெட்டி போகக்கூடாது. அனுப்புறவங்க எங்க முன்னாடி பெட்டியைத் திறந்து உள்ள இருக்கறதைச் சரிபண்ணலாம். அதுக்கு விதியில இடம் இருக்கு. உள்ள இருக்கறதை எடுத்துட்டுப் போங்க. பெட்டி இங்கயே இருக்கட்டும்."

"காலியாவா?"

"காலியா இருந்தா என்ன, நிறைஞ்சிருந்தா என்ன? அளவு அதேதானே. உங்களுக்குத் தெரியாததா?"

கத்தி கொடுத்தார். முப்பது தென்பாதிகளும் ஒன்றுக்குள் ஒன்றாக, தூண்போல வெளியே வந்தன. வெற்றுப் பெட்டியின் வாயை அவரே ஒழுங்காக மடித்து மூடி, தட்டி, அதன் இடத்தில் திருப்பி வைத்தார். தம்பி தூணைக் கயிற்றால் சுற்றிக் கட்டினான். மேலிருந்த பாதியின் ஆறு நாக்குகளும் கொட்டகை வெளிச்சத்தில் மினுங்கின.

அவர்கள் வாசலைத் தாண்டும்போது அளவுக்காரர் பின்னால் வந்தார். துண்டுச் சீட்டில் லாரி எண் எழுதியிருந்தது. அதைக் கொடுத்துவிட்டும் அவர் போகவில்லை.

"அங்கயும் அப்படித்தான். உள்ள இருக்கறதை மட்டும் மாத்துங்க. ஆனா ஒண்ணு." தூணைக் காட்டினார். "இது அம்பத்துநாலு சென்டி உயரம். அங்க இருக்கற பெட்டி அம்பத்திரண்டு. மூடினா உப்பும்."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தெருவைப் பார்த்தார்.

"இறக்குற இடத்துல மெஷின் கிடையாது" என்றார். அப்புறம் உள்ளே போய்விட்டார்.

ஐந்து பத்துக்குக் கிளம்பினார்கள். அக்கா பின்னால் உட்கார்ந்து தூணை மடியில் சாய்த்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். கூழாலான ஓடு, கீழே போட்டால் நொறுங்காது, ஆனால் நசுங்கினால் உலகம் கோணலாகிவிடும். ஊர் எல்லை தாண்டி நெடுஞ்சாலை பிடித்ததும் காற்று மோத ஆரம்பித்தது. மேலிருந்த பாதியின் வாய் முன்பக்கம் திரும்பியிருந்தது. காற்று அதற்குள் புகுந்து சுழன்று ஊ என்று ஒரு சத்தம் எழுப்பியது. பாட்டிலின் வாயில் ஊதுகிற மாதிரி, ஆனால் பெரிய பாட்டில், பெரிய வாய். வேகம் கூடக்கூட அந்தச் சத்தமும் ஏறியது. வண்டியில் மூன்றாவதாக யாரோ உட்கார்ந்து முனகிக்கொண்டு வருவதுபோல இருந்தது.

பதினைந்து கிலோமீட்டர் போயாகிவிட்டது. ஒரு டிராக்டரை முந்தும்போது வேகம் குறைந்தது, சத்தமும் தணிந்தது.

"முடிச்சைப் பார்த்ததுமே தெரிஞ்சுது" என்றான் தம்பி. "என் முடிச்சு இல்ல அது."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"நீ சிக்னல்ல எல்லாம் வாயைத் திறந்து திறந்து மூடிட்டு வந்தே. கண்ணாடியில தெரிஞ்சுது. சரி, ஏதோ இருக்கு, நீயே சொல்லுவேன்னு விட்டேன்."

அவள் கை மரத்துப்போயிருந்தது. மாற்றிப் பிடித்தால் தூண் சரியும் என்று பயந்து அப்படியே பிடித்திருந்தாள்.

"ஒரு கிலோவாக்கா?"

"ஒரு கிலோ."

"அதுவும் காத்து."

"ஆமாடா."

அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா, வேறு ஏதாவதா என்று முதுகிலிருந்து அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணாடியில் பார்க்கலாம். பார்க்கவில்லை.

"சிமெண்ட் கடையில மூட்டைக்குத்தான் காசாம்" என்றான் சற்றுக் கழித்து. "அம்பது கிலோன்னா அம்பது கிலோ. அளக்கவே வேண்டாம், எண்ணினா போதும். மச்சான் சொன்னாரு." அக்கா தூணின் கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். "நீ இந்தத் தடவை தப்பு பண்ணலேன்னாலும் நான் போறதா வேண்டாமான்னு யோசிச்சுட்டுத்தான் இருந்தேன். அதையும் சொல்லிடறேன். கணக்கு நேராயிரும்."

"இப்ப?"

அவன் மணிக்கட்டைத் திருப்பி மணி பார்த்தான். "இப்ப பேசாத. காத்து வாய்க்குள்ள போகுது."

ஆறு ஐந்து. மைல்கல் ஒன்று கடந்தது, எண்ணைப் படிக்க முடியவில்லை. வெயில் சாலையோரத்துக்கு இறங்கி, மரங்களுக்கு நடுவே விட்டுவிட்டு அடித்தது. ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் தென்பாதியின் ஓரத்தில் ஒட்டியிருந்த கடல் பளிச்சென்று நீலமாகி மறுபடி இருண்டது. அக்கா துண்டுச் சீட்டிலிருந்த எண்ணை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

தூரத்தில் பாலத்தின் இரும்பு வளைவுகள் தெரிந்தன. அதற்கு இந்தப் பக்கம் பெட்ரோல் பங்க்கின் கூரை. கூரையின் கீழே லாரிகள், ஐந்தோ ஆறோ, எல்லாம் ஒரே பழுப்பு நிறத் தார்ப்பாய் போர்த்தி, எல்லாம் பாலத்தைப் பார்த்து நின்றன. தூசியில் எண் தெரியவில்லை. தம்பி ஹாரனில் கட்டைவிரலை வைத்து எடுக்கவே இல்லை. ஆறு பதிமூன்று. மூன்றாவது லாரியின் பின்பக்க விளக்குகள் சிவப்பாக எரிந்தன. அதற்கடுத்து ஐந்தாவதும் எரிந்தது.

"எது அக்கா? படி, படி!"

பைக் சாலையிலிருந்து இறங்கிச் சரளைக்கல்லில் தடதடவென்று வேகம் குறைந்தது. அவள் மடியில் அவ்வளவு நேரமாக முனகிவந்த சத்தம் படிப்படியாக இறங்கி, சட்டென்று நின்றுபோனது. அந்த அமைதியில் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக உறுமுவது கேட்டது. அக்கா முப்பது தெற்குகளையும் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, வண்டி நிற்கும் முன்பே காலைக் கீழே ஊன்றினாள். அந்தச் சிவப்பு விளக்குகளில் ஒரு ஜோடி மெல்ல நகர ஆரம்பித்தது.